பாடாத அப்பாவும் பாடாத மகளும்

அன்புள்ள அம்மா,

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பாட்டு உண்டு. பாட்டி கல்யாணங்களில் நலங்கு, ஊஞ்சல், லாலி எல்லாம் பாடுவார். அப்பா விளக்கு வைத்ததும் பாட உட்காருவார். நல்ல குடும்பம் என்பதால் எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் மேடை ஏறியதில்லை. நானும் கல்லூரிவரை பாடினேன். அப்புறம் வேலை, குரலும் போய்விட்டது. ஒன்பது வயது மகள் இரண்டு வருடமாக ஆன்லைனில் பாட்டு கற்கிறாள். ஆனால் வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் பாடச் சொன்னால் வாயைத் திறப்பதில்லை. ஆசிரியரை மாற்றலாமா? அடிப்படைப் பாடங்களுக்கு அப்புறம் வரும் வர்ணத்தை எந்த வயதில் ஆரம்பிக்கலாம்? பாட்டி பாடிய நான்கு கேசட்டுகள் இருக்கின்றன, அவற்றை என்ன செய்வது?

கோவையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

வர்ணம் எப்போது என்பதை அந்த ஆசிரியரே சொல்வார். அவரை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. ‘குரலும் போய்விட்டது’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. குரல் எங்கே போகும்? கரகரத்திருக்கும், மேல் ஸ்தாயி எட்டாது, அவ்வளவுதான். உங்கள் பெண் பிறந்ததிலிருந்து நீங்கள் பாடி அவள் கேட்டிருக்கிறாளா? பாடாத வீட்டில் ஒரு குழந்தையை மட்டும் பாடு பாடு என்றால் அவள் என்ன செய்வாள்?

எங்கள் அத்தை காய் நறுக்கும்போது தேவாரம் பாடுவார். அரிவாள்மணையில் ஒரு காலை மடித்து உட்கார்ந்து, கத்தரிக்காயை நாலாக வகிர்ந்து தண்ணீரில் போட்டுக்கொண்டே பாடுவார். இரண்டாவது அடியின் நடுவில் ‘பால் பொங்குது பாரு’ என்று அடுப்படிக்கு ஒரு குரல் கொடுத்துவிட்டு, விட்ட எழுத்திலிருந்தே தொடர்வார். சுருதி கொஞ்சம் இறங்கும்தான். அதை யாரும் பொருட்படுத்தியதில்லை. எனக்கு அவர் சொல்லிக்கொடுத்ததும் இல்லை, பாடிக்காட்டச் சொன்னதும் இல்லை. ஆனாலும் அந்தப் பதிகம் முழுக்க எனக்கு வரும். பால் பொங்கிய இடத்தில் மூச்சு தானாக ஒரு கணம் நிற்கும்.

கொஞ்ச நாளாகவே வீணை தனம்மாள் வீட்டைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் உங்களுக்கு உடனே பதில் எழுதத் தோன்றியது. 1867இல் பிறந்து 1938இல் மறைந்தவர் தனம்மாள். சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்த அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். வீணையோடு சேர்ந்து மெல்லப் பாடவும் செய்வார். பெரிய வித்வான்கள்கூட மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்து கேட்டார்கள். மகள்களும் பாடினார்கள். மகள் காமாட்சியின் பெண்கள்தான் பிருந்தாவும் முக்தாவும். இன்னொரு மகள் ஜெயம்மாளின் பிள்ளைகள் பரதநாட்டியம் ஆடிய பாலசரஸ்வதி, மிருதங்கம் ரங்கநாதன், புல்லாங்குழல் விஸ்வநாதன். பாலா ஆட, அம்மா ஜெயம்மாள் பாடுவார். பாலாவே பதத்தை, அதாவது நிதானமாகப் பாடும் காதல் பாட்டை, பாடிக்கொண்டு அபிநயம் பிடிப்பார். விஸ்வநாதன் கச்சேரி நடுவில் குழலை இறக்கிவிட்டுப் பாடுவார். யார் எந்த வித்தைக்குப் போனாலும் அடியில் இருந்தது பாட்டு.

அவர்களும் வெளியே குருவிடம் போனவர்கள்தான். பிருந்தாவும் முக்தாவும் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் கற்றார்கள், விஸ்வநாதன் திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம். ஆனால் குரு முன்னால் போய் உட்காரும்போதே அவர்கள் காது நிறைந்திருந்தது. தெலுங்குக் கவி க்ஷேத்ரக்ஞர் எழுதிய பதத்தை அந்த நிதானமான வேகத்தில் நோட்டைப் பார்த்துப் பாடிவிட முடியாது. எந்த எழுத்தில் எவ்வளவு நேரம் நிற்பது, எங்கே இழுத்து எங்கே விடுவது என்பதெல்லாம் பாடுகிறவர் பக்கத்திலேயே கிடந்தால்தான் பிடிபடும். எம்.எஸ்.சுப்புலட்சுமியே பதங்களைப் பிருந்தாவிடம்தான் கற்றார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ‘நல்ல குடும்பம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தனம்மாள் குடும்பம் தேவதாசி மரபில் வந்தது. ‘நல்ல குடும்பம்’ என்ற அந்தச் சொல்லை வைத்துத்தான் ஊர் அவர்களைத் தள்ளி நிறுத்தியது. சென்னை மியூசிக் அகாடமி 1973இல் பாலாவுக்கும் 1976இல் பிருந்தாவுக்கும் சங்கீத கலாநிதி விருது கொடுத்தது. அதற்குள் பிருந்தாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. நல்ல குடும்பங்கள் இன்று பெருமையாகப் பாடும் பதங்களிலும், துள்ளலான காதல் பாட்டுகளான ஜாவளிகளிலும் எத்தனையோ இவர்கள் வீட்டுத் தொண்டைகளில்தான் உயிர் பிழைத்தன. உங்கள் பாட்டி மேடை ஏறவில்லை என்பதில் என்ன பெருமை, தம்பி? ஏற ஆசை இருந்ததா என்று அவரிடம் யாராவது ஒரு தடவையாவது கேட்டீர்களா?

வந்தவர்கள் முன்னால் குழந்தையை நிறுத்திப் பாடச் சொல்வதை இன்றோடு விட்டுவிடுங்கள். வந்தவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ‘சூப்பர், எங்கே இன்னொண்ணு’ என்பார். அவள் முகம் அப்போது எப்படிச் சுருங்குகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாளே, தைரியசாலி. எனக்கு அவளை ரொம்பப் பிடித்திருக்கிறது.

கேசட்டுகளை அவசரப்பட்டு எந்த டேப்ரெக்கார்டரிலும் போட்டுவிடாதீர்கள். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். பழைய நாடாக்களைக் கையாளத் தெரிந்தவரிடம் கொடுத்துக் கணினிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பாட்டி நடுவில் இருமினாலும் யாரையாவது கூப்பிட்டாலும் அதை வெட்டச் சொல்லாதீர்கள். அப்புறம் அதில் ஒரு நலங்குப் பாட்டை நீங்கள் பாடம் பண்ணுங்கள். மகளைக் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டாம். ராத்திரி பாத்திரம் துலக்கும்போது உங்களுக்காகப் பாடுங்கள். தாளம் தப்பினால் அடுத்த அறையிலிருந்து அவளே திருத்துவாள், இரண்டு வருடம் படித்திருக்கிறாள் அல்லவா.