வீட்டு விருந்துக்கு ஹலால் சான்றிதழா? ஏஜெண்ட் சொல்வதை நம்பாதீர்கள்

கேள்வி: ஐயா, நான் கோலாலம்பூர், செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். இந்த ஆண்டு அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தபோது அலுவலக நண்பர்கள்தான் முறை வைத்து வந்து பார்த்துக்கொண்டார்கள். நன்றி சொல்லும் விதமாக, தீபாவளிக்கு அடுத்த சனிக்கிழமை மதியம் என் கையால் சமைத்துப் போட ஆசை. இருபத்தைந்து பேர், பாதிப் பேர் மலாய்க்காரர்கள். “ஹலால் சான்றிதழ் இல்லாமல் அவர்கள் தொடமாட்டார்கள். 300 ரிங்கிட் கொடுத்தால் ஒரு நாளைக்கு வாங்கித் தருகிறேன், இல்லையென்றால் சாப்பாட்டையே நான் ஏற்பாடு செய்கிறேன்” என்கிறார் ஒரு ஏஜெண்ட். 100 ரிங்கிட் முன்பணமும் கொடுத்துவிட்டேன். என்ன செய்யலாம்? ஆட்டிறைச்சியை முதல் நாள் இரவே சமைத்து வைக்கலாமா?

பதில்: மீதி 200 ரிங்கிட்டைக் கொடுக்காதீர்கள். வீட்டில் நண்பர்களுக்குப் போடும் சாப்பாட்டுக்கு ஹலால் சான்றிதழ் என்று ஒன்று கிடையாது. அது உணவகம், தொழிற்சாலை, கேட்டரிங் என்று வியாபாரம் செய்கிறவர்களுக்கானது. அதைத் தரும் அதிகாரமும் ஜாக்கிம் எனப்படும் மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறைக்கும் மாநில இஸ்லாமியச் சமய மன்றங்களுக்கும் மட்டும்தான் உண்டு. உங்கள் ஏஜெண்ட் கொண்டுவரப் போவது கடையில் அச்சடித்த ஒரு தாள். அதை வாசலில் ஒட்டிவைத்தால் உங்கள் பெயர்தான் கெடும்.

ஆண்டுதோறும் பெருநாள் நெருங்கினால் இந்த ஆட்கள் கிளம்பிவிடுகிறார்கள். 2020 டிசம்பரில் ஜோகூர், செனாயில் ஒரு கிடங்கைச் சோதனையிட்ட பிறகு, இறக்குமதி இறைச்சியில் போலி ஹலால் முத்திரை போட்ட விவகாரம் நாடு முழுக்க வெடித்தது. எவ்வளவு பேசினோம்! இன்றைக்கும் சாதாரண ஜனங்களுக்கு இதையெல்லாம் தமிழில் எடுத்துச் சொல்ல ஆளில்லை. சான்றிதழ் ஓர் இடம், சுகாதாரம் ஓர் இடம், ஏமாற்றினால் புகார் இன்னோர் இடம். மக்கள் எங்கே போவார்கள்? ஏஜெண்டிடம்தான் போகிறார்கள்.

சரி, உங்கள் மலாய் நண்பர்கள் சாப்பிடுவார்களா? பெரும்பாலும் அவர்கள் பார்ப்பது இறைச்சி எங்கே வாங்கியது என்பதைத்தான். சௌக்கிட் சந்தையில் முஸ்லிம் இறைச்சிக்கடையில் வாங்குங்கள். ஆட்டிறைச்சி எலும்போடு நாலரை, ஐந்து கிலோ போதும். கோழியையும் அங்கேயே வாங்குங்கள். உறைந்த பொட்டலம் வாங்கினால் அதிலுள்ள நிறுவனப் பெயரை ஜாக்கிமின் ஹலால் இணையத்தளத்தில் தட்டிப் பாருங்கள். அழைக்கும்போதே, “இறைச்சி இந்தக் கடையில்தான் வாங்கினேன், சமையலில் மது சேர்க்கவில்லை” என்று சொல்லிவிடுங்கள். மாட்டிறைச்சி வேண்டவே வேண்டாம். உங்கள் இந்து நண்பர்களுக்கும் ஆகாது, சீன நண்பர்களிலும் பலர் தொடமாட்டார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். உங்கள் வீட்டுச் சட்டியில் எப்போதாவது பன்றி இறைச்சி சமைத்ததுண்டா? உண்டு என்றால் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். இங்குள்ள முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி நெறிப்படி அந்தப் பாத்திரத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒரு முறை மண் கலந்த தண்ணீரில். சட்டி மட்டுமல்ல, கரண்டி, வெட்டும் பலகை, கத்தி, தட்டு எல்லாமே இதில் அடங்கும். மரப்பலகையை மறந்துவிடுகிறார்கள், அதுதான் முதலில் ஞாபகம் வர வேண்டும். ஒன்று, நெருங்கிய மலாய்த் தோழியிடம் வெளிப்படையாகச் சொல்லி வழி கேளுங்கள். இல்லையா, அன்றைக்கென்று இரண்டு புதுச் சட்டி, புதுப் பலகை, புதுக் கத்தி வாங்கிக்கொண்டு, காகிதத் தட்டில் பரிமாறுங்கள். 300 ரிங்கிட்டில் இவ்வளவும் வாங்கி மிச்சமும் இருக்கும். எது செய்தாலும் மறைக்காதீர்கள். உங்களைப் படுக்கையில் பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள்.

இனி முதல் நாள் சமையல். செய்யலாம், ஆனால் ஆபத்து நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. ஆட்டிறைச்சிப் பிரட்டல் கொதித்தாலும் சில கிருமிகளின் வித்து சாகாது. பெரிய சட்டியை மூடி அடுப்பிலேயே விட்டால், நடுக்குழம்பு விடிய விடிய வெதுவெதுப்பாகவே இருக்கும். அந்தச் சூட்டில்தான் அவை கிடுகிடுவென்று பெருகும். சட்டியோடு குளிர்பெட்டிக்குள் தூக்கி வைத்தாலும் இதே கதைதான், வெளியே சில்லென்று இருக்கும், உள்ளே ஆறியிருக்காது. இறக்கியதும் அகலமான தட்டையான பாத்திரங்களில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பிரித்து ஊற்றுங்கள். மின்விசிறிக் காற்றில் ஆவி அடங்கியதும், இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் போய்விட வேண்டும். தேங்காய்ப்பாலை இரவில் சேர்க்காதீர்கள். காலையில் சட்டியின் நடுவில் குமிழி வரும்வரை கொதிக்கவிட்டு, அப்புறம் பால் ஊற்றுங்கள்.

சோறு மட்டும் அன்று காலையில்தான். சோற்றில் வளரும் ஒரு வகைக் கிருமியின் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. நெய்ச்சோற்றை இரண்டு தவணையாக வடித்து, பரிமாறும்வரை குக்கரிலேயே சூடாக வைத்திருங்கள். மேசைக்கு வந்து இரண்டு மணி நேரமான எதையும் யாருக்கும் தாப்பாவ் கட்டிக் கொடுக்காதீர்கள். கொடுத்தனுப்ப ஆசை என்றால், முறுக்கும் அதிரசமும் தனியாக எடுத்து வையுங்கள்.

ஏஜெண்ட் மூலம் சாப்பாடு வாங்குவதா? அவருக்குச் சமையலறையே இருக்காது. பத்து வீட்டு ஆர்டரைச் சேர்த்து யாரிடமோ தள்ளிவிடுவார். விடியற்காலை இரண்டு மணிக்கு வெந்தது மதியம் ஒரு மணிக்கு உங்கள் வீட்டுக்கு வரும். கேட்டரிங்தான் வேண்டும் என்றால் சமையல்கூடத்தின் முகவரி, சுகாதார அமைச்சில் பதிந்த சான்று, வேலையாட்கள் பயிற்சி பெற்று டைபாய்டு தடுப்பூசி போட்ட அட்டை, மூன்றையும் கேளுங்கள். 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகள் கேட்பதும் இவற்றைத்தான். முகவரி சொல்லத் தயங்குகிறவரிடம் ஒரு காசும் கட்டாதீர்கள்.

உங்கள் 100 ரிங்கிட்டைத் திருப்பித் தரச் சொல்லி வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள், தொலைபேசியில் பேசிவிட்டு விடாதீர்கள். சான்றிதழ் தருவதாக அவர் சொன்ன செய்திகளையும் பணம் அனுப்பிய பதிவையும் படம் பிடித்து வையுங்கள். தராவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் வழக்குப் பதியலாம். கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. போலி ஹலால் தாள் விற்பதைப் பற்றி உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் தனியாகப் புகார் கொடுங்கள். இரண்டையும் விருந்து முடிந்த பிறகு செய்யலாம். இப்போதைக்கு இறைச்சிக்கடையில் சொல்லிவைப்பதுதான் அவசரம், பெருநாள் வாரத்தில் நல்ல தொடைக்கறி காலை எட்டு மணிக்கு மேல் நிற்காது.