அப்பா பேசும்போது காதை மூடுவது வழிபாடா?

கேள்வி: இங்கிலாந்தின் யார்க் நகரில் வசிக்கிறேன். பல ஆண்டுகளாகக் குவேக்கர் என்ற கிறித்தவச் சபையில் இருக்கிறேன். ஞாயிறுதோறும் மௌன வழிபாட்டுக்குப் போகிறேன். ஆனால், மின்னணுக் கருவிகள் மீது எனக்குத் தீராத மோகம். ஸ்மார்ட் வாட்ச், டேப்லெட் என்று வாங்கிக்கொண்டே இருக்கிறேன். எளிய வாழ்வை வலியுறுத்தும் சபையில் இருந்துகொண்டு இப்படிச் செய்வது உறுத்துகிறது. அதே சமயம், இரவில் இணையத்தில் துழாவும்போது அரிய விஷயங்கள் கிடைக்கின்றன. 18ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் குவேக்கர் ஜான் வுல்மனின் நாட்குறிப்பை அப்படித்தான் கண்டுபிடித்துப் படித்தேன். அண்மையில் வாங்கிய, வெளியிலிருந்து வரும் சத்தத்தைத் தடுக்கும் ஹெட்போன்கூட ஆன்மிகத்துக்கு உதவுகிறது. மதுரையிலிருந்து வந்து எங்களோடு இருக்கும் அப்பா, மாலையில் தன் ரயில்வே கதைகளைத் தொடங்கினால், அதை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் மௌனம் பழகுவேன். மனைவி 'உம்' கொட்டிக்கொள்வாள். இந்தக் கருவிகளையெல்லாம் நான் விட்டுவிட வேண்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: வாட்சுக்கும் டேப்லெட்டுக்கும் பதில் சுருக்கமானது. தேவைக்கு மேல் இருப்பதை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். இருப்பது உழைக்கும்வரை புதிது வாங்காதீர்கள். கருவிகளைச் செய்வதையும் பயன்படுத்துவதையும் உங்கள் சபை பாவமாகக் கருதியதில்லை. 17ஆம் நூற்றாண்டு லண்டனில் கடிகாரத் தொழிலில் கொடிகட்டிப் பறந்த டேனியல் குவேர் ஒரு குவேக்கர்தான்.

என்னால் தாண்டிப்போக முடியாதது அந்த ஹெட்போன். அதை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், அதுவும் நற்செயல்களின் வரிசையில். இப்படிப்பட்ட கடிதங்கள் எனக்குப் புதிதல்ல. ஒருவர் பூஜை என்பார், இன்னொருவர் தியானம் என்பார், வேறொருவர் ஜெபம் என்பார். பக்கத்து அறையில் ஒரு முதியவர் பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருப்பார்.

உங்கள் வழிபாட்டை நினைத்துப் பாருங்கள். போதகர் கிடையாது, பிரசங்கம் கிடையாது. ஒரு மணி நேரம் எல்லோரும் சேர்ந்து அமர்ந்து காத்திருக்கிறீர்கள். உள்ளிருந்து உந்துதல் வந்தவர் எழுந்து பேசுகிறார். அவர் தடுமாறலாம், முன்பு சொன்னதையே மறுபடி சொல்லலாம். யாரும் குறுக்கிடுவதில்லை. பிறர் பேசுவதைக் கனிவோடு ஏற்று அதன் ஆழத்தில் உள்ள பொருளைத் தேட வேண்டும், அது உனக்கானதாக இல்லாவிட்டாலும் வேறொருவருக்கானதாக இருக்கலாம் என்று பிரிட்டன் குவேக்கர்களின் அறிவுரைத் தொகுப்பு சொல்கிறது. முன்பின் அறியாத ஒருவர் ஞாயிற்றுக்கிழமை எழுந்து பேசும்போது ஹெட்போனை மாட்டிக்கொள்வீர்களா? ஒவ்வொரு மனிதரிடத்திலும் இறைவனின் ஒளி உண்டு என்பது உங்கள் சபையைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் காலத்திலிருந்து அதன் அடித்தளம். பெற்ற தகப்பன் மட்டும் அந்தக் கணக்கில் எப்படி விடுபட்டார்?

வுல்மனைப் படித்ததாகச் சொல்கிறீர்கள். படித்தவர் இப்படி நடக்கலாமா? 1772இல் அவர் அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தார். கோச்சு வண்டிகளை இழுக்கும் குதிரைகள் ஓட்டத்திலேயே செத்து விழுவதையும், தபால் கொண்டுபோகும் சிறுவர்கள் பனி இரவுகளில் விறைத்து இறப்பதையும் கேள்விப்பட்டு, அந்த வண்டிகளில் ஏற மறுத்துவிட்டார். சாதாரண விஷயங்களுக்குத் தனக்குத் தபாலில் கடிதம் அனுப்பவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். லண்டனிலிருந்து நீங்கள் வாழும் யார்க் வரை நடந்தே வந்து, அங்கேயே பெரியம்மை கண்டு இறந்தார். அவருடைய கல்லறையும் உங்கள் ஊரில்தான் இருக்கிறது. என் வசதிக்காக வேறு எந்த உயிர் வதைபடுகிறது என்பதுதான் அவருடைய ஓயாத கவலை.

அந்தக் கேள்வியை உங்கள் வீட்டுக்குள் கேளுங்கள். உங்களுடைய அரை மணி நேர அமைதிக்காக வதைபடுவது யார்? ஒருவர் அப்பா. இன்னொருவர் நீங்கள் மூன்றே சொற்களில் கடந்துபோன உங்கள் மனைவி. 'உம் கொட்டிக்கொள்வாள்' என்று எவ்வளவு எளிதாக எழுதிவிட்டீர்கள்! அடுப்பையும் பார்த்துக்கொண்டு மாமனார் கதைக்கும் அந்தப் பெண் காது கொடுக்க வேண்டும். பெற்ற மகன் சோபாவில் கண்மூடி ஆன்மிகம் வளர்ப்பார். அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் கடமை மகனுடையது. அதை மருமகள் தலையில் கட்டிவிட்டு எந்தச் சபையில் போய் அமர்ந்தாலும் நான் அதை வழிபாடு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். சமத்துவமும் உங்கள் சபையின் கொள்கைதான் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

அப்பா சொன்னதையே சொல்கிறார் என்பது உங்கள் அலுப்பு. யார்க்கில் அவருக்குத் தெருவில் நின்று பேச ஒரு ஆள் உண்டா? திண்ணை உண்டா, டீக்கடை உண்டா? அறுபது வயதுக்கு மேல் பிடுங்கி நடப்பட்ட மரம் அவர். தன்னை ஒரு ஆளாக மதித்த இடம் ரயில்வே என்பதால் அங்கேயே திரும்பத் திரும்பப் போகிறார். நீங்கள் ஒரு கேள்வி கேட்டால் கதை வேறு பக்கம் திரும்பும். முதல் சம்பளம் எவ்வளவு? முதன்முதலில் இரவுப் பணி பார்த்தது எந்த ஸ்டேஷன்? உங்கள் அம்மாவை அப்போது எங்கே விட்டிருந்தார்? இணையத்தில் இரவெல்லாம் துழாவினாலும் இவற்றுக்குப் பதில் கிடைக்காது.

இன்று மாலை மனைவியை எங்காவது வெளியே போய்வரச் சொல்லுங்கள். ஹெட்போனை அலமாரியில் வைத்துவிட்டு, கைபேசியை அணைத்துவிட்டு அப்பாவின் எதிரில் உட்காருங்கள். கொஞ்ச நாள் கழித்து, அவருக்கு விருப்பமிருந்தால், ஞாயிறு வழிபாட்டுக்கும் அழைத்துப் போங்கள். அங்கே அவர் எழுந்து தமிழில் பேசத் தொடங்கினால் கையைப் பிடித்து உட்கார வைக்காதீர்கள். முடிக்கும்வரை கேட்டு, அவர் சொன்னதை மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் நீங்களே சொல்லுங்கள்.