கணினிப் புதிர் விளையாட்டு ஒன்றைச் சலிக்காமல் ஆட வைப்பது எது? சொந்தமாக ஒன்று உருவாக்குபவர் எதைக் கவனிக்க வேண்டும்?

வழி தெரியாமல் மாட்டிக்கொண்டு நிற்கும்போதும், "எனக்குத்தான் இன்னும் பிடிபடவில்லை, விளையாட்டு என்னை ஏமாற்றவில்லை" என்று ஆடுபவர் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை இருந்தால் ஒரே லெவலில் ஒரு மணி நேரம்கூட உட்காருவார். இல்லையென்றால் இரண்டாவது நிமிடத்தில் மூடிவிட்டுப் போய்விடுவார். படம், இசை, கதை எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

சோகோபானை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானைச் சேர்ந்த ஹிரோயுகி இமாபயாஷி உருவாக்கியது, 1982-இல் வெளிவந்தது. கிடங்கில் கிடக்கும் பெட்டிகளைக் குறி போட்ட கட்டங்களுக்குத் தள்ள வேண்டும். தள்ளலாம், இழுக்க முடியாது. ஒரு நேரத்தில் ஒரு பெட்டிதான். விதி அவ்வளவே, சின்னப் பிள்ளைக்கும் அரை நிமிடத்தில் புரியும். ஆனால் இந்த விளையாட்டு பீஸ்பேஸ்-முழுமை என்ற வகையைச் சேர்ந்த சிக்கல் என்று 1997-இல் ஜோசப் கல்பர்சன் நிறுவினார். பெட்டிகளும் இடமும் பெருகப் பெருகக் கணினியே திணறும் என்று பொருள்.

ஆடுபவருக்கு இதில் சுவை கூட்டுவது அந்த "இழுக்க முடியாது" என்பதுதான். குறியில்லாத மூலைக்குள் போன பெட்டி போனதுதான். இடைவெளியில்லாத நீளச் சுவரை ஒட்டிய பெட்டியைச் சுவரிலிருந்து பிரிக்க முடியாது; பிரிக்க வேண்டுமென்றால் நீங்கள் சுவருக்குள் நிற்க வேண்டும். அதே சுவரை ஒட்டி இரண்டு பெட்டிகள் பக்கத்துப் பக்கத்தில் நின்றுவிட்டால் இரண்டும் அசையாது. இவற்றில் எதையும் விளையாட்டு சொல்லித் தராது. ஒவ்வொன்றையும் தானே கண்டுபிடித்த பிறகு, அடுத்த லெவலைப் பார்க்கும்போதே "இந்தப் பெட்டியைத் தொடக்கூடாது" என்று கண்ணுக்குப் பட்டுவிடும். விதி மாறவில்லை, பார்வை மாறிவிட்டது. புதிர் விளையாட்டு கொடுக்கக்கூடிய பெரிய மகிழ்ச்சி இதுதான் என்பேன்.

திரும்ப முடியாத நகர்வு இருக்கிற விளையாட்டில், செய்ததைத் திரும்பப் பெறும் 'அன்டூ' விசை கட்டாயம். அதுவும் எல்லையின்றி, லெவலின் முதல் அடி வரைக்கும். விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து பின்னால் ஓட வேண்டும். லெவலை முதலிலிருந்து தொடங்கும் விசையையும் அன்டூ செய்ய முடிய வேண்டும். தவறிக் கை பட்டு இருநூறு நகர்வுகள் அழிந்தால் யாரும் திரும்பி வரமாட்டார்கள். ஒரு கட்டம் நகர்வதற்கான அசைவு 0.1 வினாடியைத் தாண்ட வேண்டாம். அந்த நேரத்துக்குள் அடுத்த விசை அழுத்தப்பட்டால் அதை விழுங்காமல் வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள். யோசனை முடிந்த பிறகு கை காத்திருப்பது எரிச்சல்.

லெவல் அமைப்பில் எல்லோரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு: கடினமாக்க வேண்டுமென்றால் பெட்டியைக் கூட்டுவது. அதனால் வேலைதான் கூடும், புதிர் கூடாது. டேவிட் ஸ்கின்னர் அமைத்த மைக்ரோபான் என்ற சோகோபான் லெவல் தொகுப்பைப் பாருங்கள். பெரும்பாலும் சின்னஞ்சிறு லெவல்கள், பல லெவல்களில் ஒரேயொரு கருத்து. உங்கள் லெவலில் ஒரு பெட்டியை எடுத்துப் பாருங்கள். தீர்வின் திருப்பம் அப்படியே இருந்தால் அந்தப் பெட்டி தேவையில்லை. பிறகு காலித் தரையை ஒவ்வொரு கட்டமாக அடைத்துக்கொண்டே வாருங்கள். தீர்வு உடையும் இடத்தில் நிறுத்துங்கள். இப்படிச் சுருக்கும்போது, நீங்கள் நினைக்காத குறுக்குவழிகளும் பெரும்பாலும் அடைபட்டுவிடும்.

நம்பிக்கை எங்கே உடைகிறது என்பதற்கு மைன்ஸ்வீப்பர் நல்ல பாடம். ஒளிந்திருக்கும் வெடிகளைத் தொடாமல் மற்றக் கட்டங்களையெல்லாம் திறக்க வேண்டும்; திறந்த கட்டத்தில் வரும் எண், அதைத் தொட்டுச் சுற்றியுள்ள கட்டங்களில் எத்தனை வெடி என்று சொல்லும். விண்டோஸில் வந்த அதன் கடின நிலையில் 30×16 = 480 கட்டங்கள், 99 கண்ணிவெடிகள். திறக்காத கட்டங்களின் நேர்வரிசையை ஒட்டி 1-2-1 என்று எண்கள் வந்தால், இரண்டு 1-களுக்கும் நேரே வெடி, 2-க்கு நேரே வெடி இல்லை. ஏன்? நடுவில் வெடி வைத்துப் பாருங்கள். இரண்டு 1-களும் அதிலேயே நிறைவடைந்துவிடும், 2-க்கு இன்னொரு வெடி வைக்க இடமே இருக்காது. இதைத் தானே உணர்ந்தவருக்கு அன்றைய நாள் நல்ல நாள். ஆனால் அதே விளையாட்டில், கடைசியில் மூலையில் இரண்டு கட்டங்கள் மிஞ்சி, வெடி எதில் என்று சொல்ல எந்த எண்ணும் உதவாத நிலையும் வரும். இருபது நிமிட யோசனை காசு சுண்டிப் பார்ப்பதில் முடிகிறது. சைமன் டாதமின் புதிர்த் தொகுப்பிலுள்ள மைன்ஸ் இதைச் சரிசெய்தது: ஊகமே இல்லாமல் முடிக்கக்கூடிய பலகையாகத்தான் உருவாக்கித் தரும். நீங்கள் பலகையைக் கணினியை வைத்து உருவாக்குவதானால், தீர்க்கும் நிரலையும் சேர்த்தே எழுதுங்கள். அது ஊகமின்றித் தீர்க்காத பலகையை வெளியே விடாதீர்கள்.

கடைசியாக, வேறொருவரை ஆடவைத்துப் பார்க்கும்போது வாயைத் திறக்காதீர்கள். அவருடைய கையையும் கண்ணையும் மட்டும் கவனியுங்கள். கை நின்று கண் மட்டும் ஓடினால் லெவல் வேலை செய்கிறது. கை நிற்காமல் எல்லாப் பக்கமும் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் யோசிக்கவில்லை, தேடுகிறார். அங்கே எதையாவது குறைக்க வேண்டும். முடித்த பிறகு "எப்படி முடித்தீர்கள்?" என்று கேளுங்கள். ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியவில்லையென்றால் தற்செயலாக முடிந்திருக்கிறது. அந்த லெவலைத் திரும்ப எடுத்துச் செதுக்குங்கள்.