தார்ச் சாலைக்கும் மண் பாதைக்கும் ஒரே வண்டி: வாசகர் கேள்வி–பதில்

சாலையிலும் கரட்டுப் பாதையிலும் ஓட்டத்தக்க இருபயன் மோட்டார் சைக்கிள்களைக் குறித்து வந்த கடிதங்களில், ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் அவற்றை ஒன்றாகச் சேர்த்து விடையளித்திருக்கிறேன்.

கேள்வி: வார நாட்களில் வேலைக்குச் சென்று வரவும், விடுமுறையில் மலையடிவார மண் பாதைகளில் ஓட்டவும் ஒரே வண்டியாக வாங்க விரும்புகிறேன். எத்தனை சி.சி. எஞ்சின் சரியாக இருக்கும்? பெரிய எஞ்சினாக வாங்கிவிட்டால் இரண்டுக்கும் போதும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

பதில்: சி.சி.யைக் கேட்பதற்கு முன் எடையைக் கேளுங்கள். மண் பாதையில் வண்டி சாய்ந்து விழுவது அரிய நிகழ்ச்சி அன்று. கற்றுக்கொள்ளும் காலத்தில் ஒரே நாளில் பல முறை விழும். விழுந்த வண்டியைச் சரிவான இடத்தில், களைத்த உடம்போடு, துணைக்கு ஆள் இல்லாமல் தூக்கி நிறுத்த உங்களால் முடியுமா என்பதைத்தான் வாங்கும்முன் தெரிந்துகொள்ள வேண்டும். ஹோண்டா சி.ஆர்.எஃப். 300 எல் ஏறத்தாழ 142 கிலோ, பி.எம்.டபிள்யூ. ஆர் 1250 ஜி.எஸ். எரிபொருள் நிரப்பிய நிலையில் 249 கிலோ. இரண்டும் தாரிலும் மண்ணிலும் ஓடக்கூடியவைதான் என்றாலும், நூறு கிலோவுக்கு மேற்பட்ட அந்த வேறுபாட்டை ஈரக் களிமண் ஏற்றத்தில் சிக்கிய பத்தாவது நிமிடத்தில் உங்கள் முதுகு உணர்ந்துவிடும்.

இந்த வகை வண்டியின் வரலாறும் இதையே காட்டுகிறது. மண்ணில் ஓட்ட விரும்பியவர்கள் சாலை வண்டியின் சைலன்சரை உயர்த்திக் கட்டி, முரட்டு டயரை மாட்டிக்கொண்டு சமாளித்துவந்த காலத்தில், 1968-இல் யமஹா டி.டி.1 வெளிவந்தது. 250 சி.சி. இரண்டு ஸ்ட்ரோக் ஒற்றை சிலிண்டர் எஞ்சினைக் கொண்ட அந்த எளிய, இலகுவான வண்டிதான் இருபயன் வண்டியைப் பொதுமக்களிடம் பரப்பியது. பிறகு 1980-இல் வந்த பி.எம்.டபிள்யூ. ஆர் 80 ஜி/எஸ், 800 சி.சி. இரட்டை சிலிண்டர் எஞ்சினோடு, நெடுந்தூரப் பயணத்தை முதன்மையாக வைத்து வேறொரு வழியைத் திறந்தது. இன்று கடையில் நிற்கும் வண்டிகள் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றின் வழித்தோன்றல்களே. உங்கள் கடிதத்தில் உள்ள தேவைக்கு, 250 முதல் 400 சி.சி. வரையிலான ஒற்றை சிலிண்டர் வண்டியே போதும் என்பது என் கருத்து. ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: இத்தகைய வண்டியில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சில மணி நேரம் தொடர்ந்து செல்வது, அதிர்வாலும் ஒடுங்கிய இருக்கையாலும் காற்றின் தள்ளலாலும் மகிழ்ச்சி தரும் அனுபவமாக இராது. நெடுஞ்சாலைப் பயணம் அடிக்கடி உண்டு என்றால், சுசுகி டி.ஆர். 650 போன்ற, 166 கிலோ அளவிலான ஒற்றை சிலிண்டர் வண்டியை இடைவழியாகக் கருதலாம்.

கேள்வி: என் உயரம் 163 செ.மீ. நான் விரும்பும் வண்டியின் இருக்கை உயரம் 880 மி.மீ. என்று படித்ததுமே தயங்குகிறேன். வண்டியைத் தாழ்த்தும் லிங்க்குகளை (பின் சஸ்பென்ஷனை இணைக்கும் மாற்று உலோகத் துண்டுகளை) மாட்டிக்கொள்ளலாமா?

பதில்: அந்த 880 மி.மீ. பெரும்பாலும் ஆள் அமராத நிலையில் எடுத்த அளவு. சுமார் 250 மி.மீ. அசையக்கூடிய சஸ்பென்ஷன், நீங்கள் உட்கார்ந்தவுடன் தன் அசைவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இறங்க வேண்டும். அவ்வாறு இறங்குகிறதா என்பதை முதலில் அளந்து பாருங்கள். பின் சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியைத் தூக்கி நிறுத்தி, அச்சிலிருந்து அதற்கு நேர் மேலே உள்ள ஒரு புள்ளிவரை அளக்க வேண்டும். பிறகு பூட்ஸ், ஹெல்மெட் உட்பட எல்லாவற்றையும் அணிந்து வண்டியில் ஏறி, அதே இடத்தை இன்னொருவரைக் கொண்டு அளக்கச் செய்ய வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மிகக் குறைவாக இருந்தால் ஸ்பிரிங்கின் இறுக்கத்தைத் தளர்த்தலாம். தளர்த்தியும் போதவில்லை என்றால், அந்த ஸ்பிரிங் உங்களைவிடக் கனமானவருக்காக அமைக்கப்பட்டது என்று பொருள். மென்மையான ஸ்பிரிங்கை மாட்டினால் உயரமும் குறையும், வண்டி கல்லில் துள்ளுவதும் குறையும்.

தாழ்த்தும் லிங்க்குகள் கடைசி வழியாகவே இருக்கட்டும். வண்டியின் பின்பகுதியை மட்டும் தாழ்த்தினால் முன்பகுதி ஓங்கி, ஹாண்டில் திரும்புவது மந்தமாகும். அதைச் சரிசெய்ய, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களை, அவற்றைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பில் மேலே ஏற்றிப் பொருத்த வேண்டும். அப்போது, ஃபோர்க் முழுவதும் அமுங்கினால் டயர் மட்கார்டில் இடிக்காதா என்று பார்க்க வேண்டும். எஞ்சினுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி குறையும். பக்கவாட்டு ஸ்டாண்டு மிஞ்சிய நீளமாகி, வண்டி ஏறக்குறைய நேராக நின்று, சிறிது அசைத்தாலே மறுபக்கம் விழும். இவ்வளவையும் விட, இரண்டு பாதங்களும் தரையில் ஊன்ற வேண்டும் என்ற எண்ணத்தைக் கைவிடுவது எளிது. நிற்கும்போது இடுப்பை ஒரு பக்கம் நகர்த்தி, ஒரு காலின் முன்பாதத்தை மட்டும் ஊன்றப் பழகுங்கள். மேடான பக்கம் எது என்று நிற்பதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டயர் விற்பவர் 50/50 என்றும் 80/20 என்றும் சொல்கிறார். எதை வாங்குவது? காற்றைக் குறைத்தால் மண்ணில் பிடிப்பு கூடும் என்பதும் உண்மையா?

பதில்: இந்த வண்டிக்கு நீங்கள் செய்யப்போகும் செலவுகளில் மிகுந்த பயன் தருவது டயருக்கான செலவே. எஞ்சினின் ஆற்றலைக் கூட்டுவதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் வாசகர்கள் டயரைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொள்வது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது.

50/50, 80/20 என்பவை தயாரிப்பாளர்கள் தாங்களாகவே குறிப்பிடும் மதிப்பீடுகள். சாலைக்கு எவ்வளவு, மண்ணுக்கு எவ்வளவு என்று சொல்பவை. பொதுவான சோதனையால் அளந்து கிடைத்தவை அல்ல என்பதால், ஒரு நிறுவனத்தின் 50/50 இன்னொன்றின் 60/40 போல நடந்துகொள்ளக்கூடும். எண்ணை விட்டுவிட்டு டயரின் முகத்தைப் பாருங்கள். துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டைகளுக்கு இடையிலான பள்ளம் அகலமாக இருந்தால் களிமண் சக்கரம் சுழலும்போது சிதறி வெளியேறும். ஒடுங்கியிருந்தால் அதற்குள் மண் அடைந்து, சில நிமிடங்களில் டயர் வழுவழுப்பாகிவிடும். அதே அகலமான பள்ளம் தார்ச் சாலையில் குறையாகிறது. சாலையைத் தொடும் ரப்பரின் அளவு குறைகிறது. உயரமான கட்டைகள் திருப்பத்தில் வளைந்து நெளிகின்றன. மழையில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்க அதிகத் தூரம் எடுக்கிறது. நடுக்கட்டைகள் விரைவில் தேய்ந்து தட்டையாகின்றன. முன்னும் பின்னும் ஒரே வகை டயர்தான் போட வேண்டும் என்பதில்லை. பின் சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம். முன் சக்கரம் வழுக்கினால் சமாளிப்பது கடினம். ஆகவே முன்னால் மண்ணுக்கு ஏற்ற முரட்டு டயரும், எஞ்சினின் இழுவையால் விரைவில் தேயும் பின்னால் சற்று மிதமான டயரும் போடுவதைப் பலர் விரும்புகிறார்கள். நானும் அதையே பரிந்துரைப்பேன். வண்டிக்கு உரிய அளவையும் சுமைக் குறியீட்டையும் மட்டும் மாற்றாதீர்கள். வேகக் குறியீட்டையும் பாருங்கள்: முரட்டு டயர்கள் பலவற்றில் உள்ள ‘க்யூ’ என்ற குறி மணிக்கு 160 கிலோமீட்டர் என்ற உச்ச வரம்பைக் குறிக்கிறது.

காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்பது உண்மைதான். அழுத்தம் குறையும்போது டயர் தரையைத் தொடும் பகுதி நீள்கிறது. கல்லின் மேல் துள்ளுவதற்குப் பதிலாக அதைச் சுற்றி அமுங்குகிறது. சாலைக்கு வண்டியின் கையேடு பி.எஸ்.ஐ. என்ற அலகில் சொல்லும் அழுத்தம் வண்டிக்கு வண்டி வேறுபடும். இலகுவான வண்டி என்றால் கல்லும் மண்ணும் கலந்த பாதையில் 18 முதல் 20 வரை குறைப்பது நல்ல தொடக்கம். கனமான வண்டிக்கும் சுமை ஏற்றிய வண்டிக்கும் அவ்வளவு குறைக்கக் கூடாது. குறைப்பதற்கு இரண்டு தண்டனைகள் உண்டு. கூர்மையான கல்லில் வேகமாக மோதினால், டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் நசுங்கி, அருகருகே இரண்டு வெட்டுகளோடு பஞ்சராகும், ரிம்மும் வளையலாம். அழுத்தம் ஏறத்தாழ 15-க்குக் கீழே சென்றால், எஞ்சினின் இழுவையில் டயர் ரிம்மின் மேல் நழுவி, டியூபையும் உடன் இழுத்து, வால்வைக் கிழித்துவிடும். அதைத் தடுப்பதற்காகவே ரிம் லாக் என்னும் பிடிப்பானைப் பொருத்துகிறார்கள். வால்வின் அடியில் உள்ள நட்டை ரிம்மோடு இறுக்காமல் மேலே வால்வு மூடியை ஒட்டி வைத்திருங்கள். டயர் நழுவத் தொடங்கினால் வால்வு சாய்ந்து நிற்பது கண்ணுக்குத் தெரியும், கிழிவதற்கு முன் சரிசெய்யவும் நேரம் கிடைக்கும். மண் பாதை முடிந்து தாரில் ஏறுவதற்கு முன் காற்றை மீண்டும் நிரப்பியாக வேண்டும், ஏனெனில் காற்று குறைந்த டயர் சாலை வேகத்தில் சூடேறும். கைப்பம்பும் அழுத்தமானியும் இல்லாதவர் காற்றை இறக்கவே வேண்டாம்.

கேள்வி: ஏற்றங்களில் வண்டி திணறுகிறது. சைலன்சரை மாற்றினால் இழுவை கூடுமா?

பதில்: சத்தம் கூடும். இழுவை வேண்டுமென்றால், செயினை இழுக்கும் பற்சக்கரமான முன் ஸ்ப்ராக்கெட்டை ஒரு பல் குறைத்துப் போடுங்கள். 14 பல்லுக்குப் பதில் 13 என்றால் கியர் விகிதம் ஏறத்தாழ 7 விழுக்காடு குட்டையாகி, முதல் கியரில் மெதுவாக ஏற முடியும். நெடுஞ்சாலையில் எஞ்சின் அந்த அளவுக்குக் கூடுதல் விரைவாகச் சுழல வேண்டியிருக்கும் என்பதுதான் விலை.

கேள்வி: மண் சரிவில் இறங்கும்போது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கருவி பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிப்பதால் வண்டி நிற்க மறுக்கிறது. அதை அணைத்துவிடலாமா?

பதில்: தார்ச் சாலையில் உயிர் காக்கும் அதே கருவி, உதிரி மண்ணில் நிறுத்தும் தூரத்தைக் கூட்டுவது உண்டு. பூட்டிக்கொண்ட சக்கரம் தனக்கு முன்னால் மண்ணையும் சரளைக் கல்லையும் குவித்துக்கொண்டு அதில் முட்டி வேகமிழக்கும், ஏ.பி.எஸ். சக்கரத்தைப் பூட்டவே விடாததால் அந்தக் குவியல் உருவாவதில்லை. பின் சக்கரத்துக்கு மட்டும் அணைக்கும் வசதி உங்கள் வண்டியில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். முன் சக்கரத்துக்கு ஏ.பி.எஸ். இயங்கியபடியே இருக்கட்டும். தாரில் ஏறியதும் மீண்டும் இயக்க மறவாதீர்கள். இறங்கும்போது முதல் கியரில் கிளட்சைப் பிடிக்காமல் எஞ்சினின் தடையையே முதல் பிரேக்காகக் கொள்ளுங்கள். ஃபுட்ரெஸ்டின் மேல் எழுந்து நின்று, உடலைப் பின்னுக்குத் தள்ளி, முன் பிரேக்கை ஒரு விரலால் மெல்ல மெல்ல அழுத்துங்கள். சரிவு என்றதும் முன் பிரேக்கைத் தொடவே அஞ்சுபவர்கள் பலர். எடை முழுவதும் முன்னால் சாய்ந்திருக்கும்போது பின் பிரேக்கால் மட்டும் வண்டியை நிறுத்த முடியாது.

கேள்வி: சாலை வண்டியைப் போலவே குறித்த கிலோமீட்டருக்கு ஒருமுறை சர்வீஸ் விட்டால் போதாதா?

பதில்: போதாது. தூசியில் ஓட்டிய நாளின் முடிவில் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். ஸ்பாஞ்ச் வகை ஃபில்டராக இருந்தால் அதற்குரிய திரவத்தில் கழுவி, முறுக்கிப் பிழியாமல் அமுக்கி உலர்த்தி, ஃபில்டர் எண்ணெயைச் சீராகத் தடவிப் பொருத்த வேண்டும். எண்ணெய் இல்லாத ஸ்பாஞ்ச் நுண்தூசியைத் தடுக்காது, அந்தத் தூசி பிஸ்டனையும் சிலிண்டரையும் தேய்த்துவிடும். ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகச் சிறு ஸ்பேனரால் தட்டுங்கள்: இறுகியது கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும், புதிய வண்டியில் முதல் சில ஓட்டங்களிலேயே இவை தளரக்கூடும். செயினைச் சாலை வண்டியைப் போல இறுக்கி வைப்பது பரவலான தவறு. நீண்ட அசைவுள்ள பின் சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் ஒரு கட்டத்தில் மிக இறுகும். தொடக்கத்திலேயே தளர்வு இல்லை என்றால் கியர்பெட்டியின் வெளியச்சு பேரிங்குக்கு அது கேடு. கையேடு சொல்லும் தளர்வை அப்படியே பின்பற்றுங்கள். கழுவும்போது உயர் அழுத்த நீரைச் சக்கர பேரிங்குகளின் மீதும் லிங்க்குகளின் மீதும் நேராகப் பாய்ச்ச வேண்டாம்.

கேள்வி: ஓடையைக் கடக்கும்போது வண்டி நடுவில் அணைந்துவிட்டால் என்ன செய்வது?

பதில்: சாய்ந்து விழுந்தோ, ஏர் ஃபில்டர் பெட்டி மூழ்கியோ அணைந்திருந்தால் ஸ்டார்ட்டரை அழுத்தவே கூடாது. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருக்கலாம். நீரை அமுக்க முடியாது என்பதால் பிஸ்டன் அதில் மோதி, அதைத் தாங்கும் தண்டான கனெக்டிங் ராடு வளையும். கியரை நியூட்ரலில் வைத்துக் கரைக்குத் தள்ளுங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி, பெட்டியில் நிற்கும் நீரை வடித்து, பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளைக்கு நேராக முகத்தை வைக்காமல் எஞ்சினைச் சுழற்றினால் உள்ளே உள்ள நீர் பீச்சிக்கொண்டு வெளியேறும். துளையிலிருந்து ஈரம் வருவது நின்ற பிறகே பிளக்கை மாட்டுங்கள். எஞ்சின் எண்ணெய் வெளுத்துப் பால் நிறமாகத் தெரிந்தால் நீர் கலந்துவிட்டது என்று பொருள். அந்த எண்ணெயோடு வீடுவரை ஓட்டாமல் அதை வடித்துப் புதிய எண்ணெய் ஊற்றி, சிறிது நேரம் எஞ்சினை இயக்கிவிட்டு, அதையும் வடித்து மீண்டும் ஒருமுறை மாற்றுங்கள்.