நூலும் வாசகரும்: கேள்வி – பதில்

கே: போர்வெறி அரசுகளைக் கிண்டலடிக்கும் நாவல் என்று செக் எழுத்தாளர் காரல் சாப்பெக்கின் 'சாலமண்டர்களுடன் போர்' புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். பாதி தாண்டியும் போரைக் காணோம். மேலே படிக்கலாமா? (வாசகர், தேனி)

ப: படியுங்கள், போர் பின்னால் வருகிறது. அதுவரை நடப்பதெல்லாம் வியாபாரம். நாவலின் குத்தலே அங்கேதான். 1936இல் செக் மொழியில் வந்த நூல் இது. சுமத்ராவுக்கு மேற்கே தானா மாசா தீவில், கரையோரக் கடலில் வாழும் சாலமண்டர்களைக் கப்பல் தலைவர் வான் டோக் பார்க்கிறார். பல்லி உடம்பு, வழவழத்த தோல், நல்ல மூளை. முத்து எடுத்துத் தந்தால் கத்தி கொடுக்கிறார், சிப்பியைப் பிளக்கவும் சுறாவை விரட்டவும். முதல் ஆயுதம் இப்படித்தான் கைமாறுகிறது. கொடுத்தவர் அவற்றின்மேல் பாசம் வைத்தவர் வேறு! பிறகு முத்து விலை இறங்கியதும், ஒரு சிண்டிகேட் சாலமண்டர்களையே கடலடி வேலைக்கு விற்கிறது. மேஸ்திரி, பளு வேலை, கூட்டு வேலை, எடுபிடி, கழிசல், குஞ்சு என்று தரவாரியாக விலை. அப்புறம் ஒவ்வொரு நாடும் 'தற்காப்பு' என்று சொல்லித் தன் கரைச் சாலமண்டர்களுக்கு ஆயுதம் தருகிறது. இனம் பெருகிக் கரை போதாமல் போனதும் அவை நிலத்தை வெடிவைத்துத் தகர்த்துக் கடலாக்குகின்றன. அப்போதும் ஆலைகள் அவற்றுக்குச் சரக்கு அனுப்பிக்கொண்டேதான் இருக்கின்றன.

நீங்கள் சிக்கியிருப்பது இரண்டாம் பாகமாக இருக்கும். பக்கம் பக்கமாக அடிக்குறிப்பு, பத்திரிகைத் துணுக்கு. அவற்றைத் தாண்டிப் போனால் பாதி நாவல் போச்சு. வரிக்கு வரி கீழே பார்த்தாலோ கதை அறுந்துவிடும். அத்தியாயத்தை ஒரே மூச்சில் முடித்துவிட்டு, குறிப்புகளைத் தனியாக வாசியுங்கள். துணுக்குகளைச் சேர்த்து வைப்பவர் போவோந்த்ரா என்ற வாயிற்காவலர். முத்து வியாபாரத்துக்குப் பணம் கேட்டு வந்த கப்பல் தலைவரை அன்று தொழிலதிபர் வீட்டுக்குள் விட்டவரும் அவரே. அதை நினைவில் வையுங்கள், கடைசியில் உதவும்.

கே: நாவலின் கடைசியில் சாலமண்டர்களை வழிநடத்தும் 'தலைமைச் சாலமண்டர்' ஹிட்லர்தானே? (வாசகர், கரூர்)

ப: சாயல் உண்டு. ஆனால் அது சாலமண்டரே இல்லை, மனிதன். முதல் உலகப் போரில் சார்ஜன்ட் மேஜராக இருந்தவன் என்று போகிறபோக்கில் போட்டு உடைக்கிறார் சாப்பெக். நாஜி இனவாதத்துக்கு வேறு இடத்தில் தனியாகவே கொடுத்திருக்கிறார்: பால்டிக் கடல் சாலமண்டர்தான் உயர்ந்த ஜாதி என்று ஜெர்மன் ஆய்வாளர் ஒருவர் நிறுவும் பகுதி.

கே: 1938 மியூனிக் ஒப்பந்தத்தை முன்கூட்டியே சொன்ன நாவல் என்கிறார்களே? (வாசகர், நாகர்கோவில்)

ப: ஜோசியம் இல்லை. சாப்பெக் பத்திரிகைக்காரர். 1935 அக்டோபரில் இத்தாலி அபிசீனியாவுக்குள் (இன்றைய எத்தியோப்பியா) புகுந்தது. ஐ.நா.வுக்கு முந்தைய சர்வதேச சங்கம் இத்தாலிமேல் வணிகத் தடை விதித்தது, ஆனால் எண்ணெயை விட்டுவிட்டது. அந்தச் செய்திகளை அன்றாடம் படித்தவருக்கு, நாவலில் வரும் வாதூஸ் மாநாட்டுக் காட்சியை எழுதுவது பெரிய காரியமா? அங்கே வல்லரசுகள் தங்கள் கரை பிழைத்தால் போதும் என்று சீனாவின் நிலத்தை மூழ்கடிக்கப் பேரம் பேசுகின்றன. மியூனிக்கில் செக்கோஸ்லோவாகியாவை ஹிட்லருக்குப் பிய்த்துக் கொடுத்தபோது, பேச்சு மேசையில் அந்த நாட்டுக்கு நாற்காலியே இல்லை. அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று சாப்பெக் இறந்தார்.

கே: இந்த வகையில் நானும் ஒரு நாவல் எழுதுகிறேன். சர்வாதிகாரி பேசினால் மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறது என்கிறார்கள். எங்கே பிசகு? (வாசகர், திருச்சி)

ப: அவனைப் பேச விட்டதுதான் பிசகு. கொடியவன் தன் வாயாலேயே கொடுமையைச் சொல்லிவிட்டால் வாசகனுக்குக் கண்டுபிடிக்க என்ன மிச்சம்? அவன் பேச்சை வெட்டிவிட்டு, அவனுடைய அலுவலகத்திலிருந்து வரும் காகிதத்தை எழுதுங்கள். டெண்டர், சுற்றறிக்கை, விண்ணப்பப் படிவம். உதாரணத்துக்கு: 'போர் விதவை உதவித்தொகைக்கு முன்பதிவு தொடங்கியது. கணவர் இறந்த தேதிக்கான கட்டத்தைத் தற்போதைக்குக் காலியாக விடவும்.' ஆச்சரியக்குறி கூடாது, 'கொடூரமான' போன்ற அடைமொழியும் கூடாது. எழுதிய குமாஸ்தாவுக்கு அதில் தப்பே தெரியக் கூடாது.

நடக்காததை ஒன்றே ஒன்று மட்டும் வையுங்கள். சாப்பெக்குக்குச் சாலமண்டர் என்றால் உங்களுக்கு வேறு ஏதாவது. மற்றபடி விலை, சம்பளம், கோப்பு எண் எல்லாம் நிஜம்போல இருக்க வேண்டும். இரண்டாவது அதிசயம் நுழைந்தால் வாசகன் அதை மாயாஜாலக் கதையாகப் படிக்கத் தொடங்கிவிடுவான். இன்றைய அமைச்சர் பெயரைத் திரித்து வைக்கும் ஆசையையும் விடுங்கள். அடுத்த தேர்தலில் அவர் தோற்றால் உங்கள் நகைச்சுவையும் டெபாசிட் இழந்துவிடும்.