கணினி கேள்வி-பதில்: போன் நம்பரில் இருந்த ‘+’ எங்கே போனது?

கேள்வி: பைத்தான் மொழியில், இணையத்தில் தகவல் அனுப்ப உதவும் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி வைத்து, கடை விவரங்களை சர்வருக்கு போஸ்ட் செய்கிறேன். பெயர், போன் இரண்டையும் எஃப்-ஸ்ட்ரிங்கில் (மதிப்புகளை நடுவே செருகும் எழுத்துச் சரம்) ஒட்டி, டேட்டா என்ன வகை என்று சொல்லும் ஹெடரையும் நானே எழுதி அனுப்புகிறேன். ‘முருகன் & சன்ஸ்’ என்பது ‘முருகன்’ என்று நின்றுவிடுகிறது. ‘+91’ போய்ச் சேரும்போது + இருந்த இடத்தில் இடைவெளிதான் இருக்கிறது. கோளாறு சர்வரிலா?
- வாசகர், திருச்சி

பதில்: சர்வர் சரியாகத்தான் படிக்கிறது. ‘பெயர்=மதிப்பு’ என்று அனுப்பும் ஃபார்ம் டேட்டாவில் & வந்தால் ஒரு ஃபீல்டு முடிந்தது என்று பொருள்; + என்றால் இடைவெளி. அதனால் உங்கள் ‘சன்ஸ்’ மதிப்பே இல்லாத தனி ஃபீல்டாகிவிட்டது.

எஃப்-ஸ்ட்ரிங்கை விட்டுவிடுங்கள். விவரங்களை ஒரு டிக்‌ஷனரியில் போட்டு, அதை அப்படியே ‘டேட்டா’ ஆர்க்யுமென்ட்டுக்குக் கொடுங்கள். & என்பதை %26 என்றும், + என்பதை %2பி என்றும் லைப்ரரியே மாற்றிவிடும். கன்டென்ட்-டைப் ஹெடரையும் அதுவே வைக்கும். ஸ்ட்ரிங்காகக் கொடுத்தால் அந்த ஹெடர் தானாக வராது; நீங்கள் கையால் எழுத வேண்டியிருந்தது அதனால்தான். ‘ஜேசன்’ (JSON, வேறொரு டேட்டா வடிவம்) ஆர்க்யுமென்ட்டில் கொடுத்துவிடாதீர்கள். ஃபார்மை எதிர்பார்க்கும் சர்வருக்கு அதில் ஒரு ஃபீல்டும் கிடைக்காது.

ரீப்ளேஸ் போட்டு நாமே எழுத்துகளை மாற்றிச் சமாளிக்கலாம் என்று தோன்றும். வேண்டவே வேண்டாம். & ஐ %26 ஆக்கிய பிறகு % ஐ %25 ஆக மாற்றினால் அது %2526 ஆகிவிடும்; சர்வரில் கடைப் பெயருக்கு நடுவே ‘%26’ என்றே பதிவாகும். ‘கோட்’ (quote) ஃபங்ஷனில் ஒருமுறை மாற்றியதை டிக்‌ஷனரியில் போட்டாலும் இதே கதிதான். மாற்றம் ஒரே ஒரு முறை, ஒரே இடத்தில் நடக்க வேண்டும். உண்மையில் என்ன போனது என்று பார்க்க, ரெஸ்பான்ஸுக்குள் இருக்கும் ‘ரிக்வெஸ்ட்.பாடி’யை பிரின்ட் செய்யுங்கள். சந்தேகம் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

தமிழில் பெயர் வந்தாலும் இதே வழிதான். யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ஒரு பைட்டுக்கு % சேர்த்து 3 எழுத்து. ‘தமிழ்’ என்ற சொல்லில் புள்ளியும் கொக்கியும் சேர்த்து 5 குறியீடுகள், ஆக 45 எழுத்து. போஸ்ட்டில் இது பிரச்சினையில்லை. கெட் முறையில் இதெல்லாம் முகவரியிலேயே போவதால் கவனம் தேவை: அப்பாச்சி வெப் சர்வரில் ரிக்வெஸ்ட் வரிக்கு இயல்பான வரம்பு 8190 பைட். சுமார் 900 குறியீடுகளிலேயே ‘முகவரி மிக நீளம்’ என்ற 414 பிழை வந்து நிற்கும்.

கேள்வி: ரிக்வெஸ்ட்ஸ் இல்லாமல், பைத்தானோடு வரும் யுஆர்எல்லிப் மட்டும் வைத்து அனுப்பினால் ‘டைப்எரர்’ (டேட்டா வகை பொருந்தாத பிழை) வருகிறது. லிஸ்ட்டும் சதுர அடைப்புக்குறியோடு போகிறது.
- வாசகர், ஈரோடு

பதில்: ‘யுஆர்எல்என்கோட்’ தருவது ஸ்ட்ரிங், ‘யுஆர்எல்ஓப்பன்’ கேட்பது பைட்ஸ். நடுவில் ஒரு ‘.என்கோட்()’ சேருங்கள். லிஸ்ட்டுக்கு ‘டூசீக்=ட்ரூ’ கொடுத்தால் ஒவ்வொரு மதிப்பும் அதே ஃபீல்டு பெயரில் தனித்தனியாகப் போகும். ‘நன்’ (None, மதிப்பு எதுவும் இல்லை) மதிப்புள்ள ஃபீல்டை அனுப்பும் முன் நீக்கிவிடுங்கள். ரிக்வெஸ்ட்ஸ் அதைத் தானே விட்டுவிடும். யுஆர்எல்என்கோட் அதை ‘நன்’ என்ற சொல்லாகவே அனுப்பிவிடும்.