வாகைப் பூவின் மகரந்தப் பந்து

கேள்வி: எங்கள் ஊருணிக் கரை வாகைப் பூவின் மகரந்தத்தைப் பள்ளி நுண்ணோக்கியில் பார்த்தபோது மணிகள் பந்துபோல் ஒட்டியிருந்தன, புளியம்பூவிலோ தனித்தனியாகக் கிடந்தன. இரண்டும் அவரைக் குடும்பத்து மரங்கள்தாமே, பின் ஏன் இந்த வேறுபாடு? (ஓர் ஆசிரியை, கண்டனூர்)

பதில்: அந்தப் பந்தை மறுபடியும் வைத்து எண்ணிப் பாருங்கள், பெரும்பாலும் 16 மணிகள் தேறும். மகரந்தத் தாய்ச்செல் ஒன்று குன்றல் பகுப்பில் (குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் செல் பிரிவில்) நான்காகப் பிரியும். புளியில் அந்த நான்கும் விலகித் தனி மணிகளாகிவிடுகின்றன. வாகையிலோ அவை விலகாததோடு, பக்கத்துத் தாய்ச்செல்கள் மூன்றின் மணிகளும் அவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. இத்தகைய எட்டுப் பந்துகள்தாம் ஒரு மகரந்தப்பையின் மொத்தச் சரக்கு.

வாகை, கருவேலம் ஆகியவற்றின் உறவு மரங்களில் சூலகமுடி, அதாவது மகரந்தம் வந்து ஒட்டும் நுனி, மிகச் சிறியது. பெரும்பாலும் ஒரு பந்துக்கே அதில் இடமுண்டு. சூலகத்திலுள்ள, விதைகளாக மாறும் சூல்களின் எண்ணிக்கையும் பந்திலுள்ள மணிகளின் எண்ணிக்கைக்குள் அடங்கிவிடுவதால், தேனீயோ அந்துப்பூச்சியோ ஒருமுறை சரியாக உரசிச் சென்றாலே ஒரு காய்க்குப் போதும். கோடையில் வாகை நெற்றுக்குள் கலகலக்கும் விதைகள் அநேகமாக ஒரே தந்தையின் பிள்ளைகள் என்பது இதனால்தான். ஆனால் வந்தமர்ந்த பந்து அதே மரத்தினுடையதாக இருந்துவிட்டால் அந்தப் பூவின் வாய்ப்பு வீணாகிவிடக்கூடும். மரம் நிறையப் பூத்தும் காய் குறைவாகப் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைப் பரிணாமத்தின் மேல்படி என்று எண்ணிவிட வேண்டாம். வாகையின் உறவுக் கிளையிலேயே தொட்டாற்சிணுங்கி நான்கு மணிகளோடு நின்றுவிட்டது. நம் கண்மாய்களை எல்லாம் அடைத்து நிற்கும் சீமைக்கருவேலம் தனி மணிகளையே உதிர்க்கிறது, அதனால் அதற்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை! ஒட்டும் பழக்கம் இக்கிளையில் ஒருமுறைக்கு மேல் தோன்றியிருக்கிறது. இன்னொன்று: புளியையும் கொன்றையையும் ஒரே துணைக்குடும்பத்தில் வைத்த பழைய பாடம் 2017இல் மாறிவிட்டது, இப்போது கொன்றைக்கு நெருங்கிய சொந்தம் வாகைதான், புளி வேறு துணைக்குடும்பம்.

கேள்வி: வளவின் (எங்கள் செட்டிநாட்டு வீட்டின்) மர விட்டத்தைத் துளைக்கும் கருவண்டு ஆவாரம்பூவில் அமர்ந்ததும் அதன் ரீங்காரம் மாறுவதேன்? (வாசகர், கானாடுகாத்தான்)

பதில்: நீங்கள் சொல்வது தச்சுத்தேனீ. ஆவாரையின் மகரந்தப்பை நீளவாக்கில் வெடிக்காது. நுனித் துளை வழியாகத்தான் உலர்ந்த தனி மணிகள் வெளிவரும். தேனீ பூவைப் பற்றிக்கொண்டு மார்புத் தசையை அதிரவைத்து அவற்றை உதிர்க்கிறது. நீங்கள் கேட்பது அந்த அதிர்வின் ஓசை. இசைக்கவையைத் தட்டி, புதிதாக மலர்ந்த பூவின் மகரந்தப்பையில் தொட்டுப் பாருங்கள். கீழே வெள்ளைத் தாளை விரித்திருந்தால் மஞ்சள் தூள் விழுவது தெரியும்.